டிரெய்லரில் பைக்கை ஏற்றிக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரெய்லரில் பைக் சாய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், பெல்ட் அறுந்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நான் பார்த்தவரை பெல்ட் அறுவது அபூர்வம். பள்ளத்தில் டிரெய்லர் குதிக்கும்போது பைக் ஒரு கணம் கீழே அமுங்குகிறது, பெல்ட் தொய்கிறது, அந்த நொடியில் கொக்கி வளையத்தை விட்டு நழுவுகிறது. அதன்பிறகு நான்கு பெல்ட்டில் மூன்றுதான் மிச்சம், அதுவும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. கீழே உள்ள பதில்கள் பலவும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன: பயணம் முழுக்க எந்த பெல்ட்டும் ஒரு கணம்கூடத் தொய்யக் கூடாது.

எத்தனை பெல்ட் வேண்டும்?

நான்கு. முன்னால் இடம் வலம் ஒவ்வொன்று, பின்னால் இடம் வலம் ஒவ்வொன்று. முன்னால் இரண்டு மட்டும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பைக் நிற்கத்தான் செய்யும். ஆனால் பின் சக்கரம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். பின்பக்கம் நகர்ந்தால் முன் பெல்ட்டுகளில் ஒன்று தளரும், மற்றொன்று அளவுக்கு மீறி இறுகும்.

இவை தவிர இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முன் சக்கரத்தைச் சுற்றி வீல் சாக்கோடு (சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் தாங்கி) சேர்த்துக் கட்டலாம், இன்னொன்று வழியில் தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ள.

பெல்ட் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்?

சரக்குப் போக்குவரத்துக்கான ஐரோப்பியத் தரநிலை, சாலையில் செல்லும் சுமை அதன் எடையில் 0.8 மடங்கு விசையோடு முன்னோக்கியும், 0.5 மடங்கு விசையோடு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் தள்ளும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. 200 கிலோ பைக் என்றால், அவசரமாகப் பிரேக் போடும்போது 160 கிலோ முன்னோக்கியும், திடீரென்று வளைக்கும்போது 100 கிலோ பக்கவாட்டிலும் தள்ளும். இது விபத்துக்கான கணக்கு இல்லை, சாதாரணமாக ஓட்டும்போதே வரக்கூடியது.

பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அறுபடும் எடை, மற்றொன்று பாதுகாப்பாகத் தாங்கும் எடை. கடையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது அநேகமாக முதல் எண். நமக்கு வேண்டியது இரண்டாவது. வட அமெரிக்கப் பெல்ட்டுகளில் இது அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்கு. 680 கிலோவில் அறுபடும் பெல்ட்டை 226 கிலோவுக்குத்தான் நம்ப வேண்டும். நடுத்தர பைக்குக்கு ஒவ்வொரு பெல்ட்டும் 200 கிலோவுக்குக் குறையாமல் பாதுகாப்பாகத் தாங்கட்டும். 300 கிலோவைத் தாண்டும் பெரிய டூரிங் பைக்குக்கு இன்னும் பலமானது, 38 மில்லிமீட்டர் அகலமுள்ளது, நல்லது. லேபிளே இல்லாத பெல்ட்டை வாங்காதீர்கள்.

நைலானா, பாலியஸ்டரா?

பாலியஸ்டர். நைலான் அதிகம் நீளும், மழையில் நனைந்தால் தண்ணீரை உறிஞ்சி இன்னும் நீளும். கிளம்பும்போது கல் மாதிரி இறுகியிருந்த பெல்ட், ஒரு மணி நேர மழைக்குப் பிறகு தொளதொளவென்று இருக்கும். ஐரோப்பியத் தரநிலைப்படி செய்த பெல்ட்டுகளில் லேபிளின் நிறமே சொல்லிவிடும்: நீலம் என்றால் பாலியஸ்டர், பச்சை என்றால் நைலான், பழுப்பு என்றால் பாலிபுரோப்பிலீன்.

ராட்செட் நல்லதா, கேம் பக்கிள் நல்லதா?

ராட்செட் என்பது கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டி இறுக்குவது. கேம் பக்கிளில் பெல்ட்டைக் கையால் இழுத்தால் பற்கள் கவ்விக்கொள்ளும். இரண்டையும் பைக்குக்குப் பயன்படுத்தலாம்.

ராட்செட்டில் பலம் அதிகம் கிடைக்கும். ஆபத்தும் அங்கேதான். இரண்டு விரலால் கைப்பிடியை ஆட்டியே ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த குழாய்களை, அடிமட்டம்வரை அமுக்கிவிடலாம், கைக்கு எதுவும் தெரியாது. கேம் பக்கிளில் நம் உடம்பு எடைக்கு மேல் இழுக்க முடியாது என்பதால் அளவு மீறுவது கடினம். எடை குறைந்த பைக்குக்கு, அதுவும் முதல் முறையாகக் கட்டுகிறவருக்கு, தரமான கேம் பக்கிளைத்தான் சொல்வேன். கனமான பைக்குக்கு ராட்செட் வேண்டும்.

ராட்செட்டின் உருளையில் பெல்ட் குறைந்தது இரண்டு மூன்று சுற்றாவது நேராகச் சுற்றியிருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கும் குறைவாக இருந்தால் நழுவும். மீதிப் பெல்ட்டை எல்லாம் உள்ளே சுற்றினால் உருளை நெரிந்து, பிறகு திறக்கவே வராது. முதலிலேயே தொய்வைக் கையால் இழுத்து எடுத்துவிட்டு அப்புறம் ராட்செட்டைத் தொடுங்கள். இறுக்கி முடித்ததும் கைப்பிடியை முழுவதும் மடக்கிப் பூட்டுங்கள். மிச்சமுள்ள வாலை முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுங்கள். தொங்கும் வால் டிரெய்லர் சக்கரத்தில் சிக்கினால், பெல்ட்டை அப்படியே உருவி எடுத்துவிடும்.

கொக்கியில் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மலிவான பெல்ட்டுகளில் திறந்த எஸ் வடிவக் கொக்கிதான் வரும். பெல்ட் இறுக்கமாக இருக்கும்வரை அது நிற்கும், ஒரு முறை தொய்ந்தால் விழுந்துவிடும். வாயில் ஸ்பிரிங் தாழ் வைத்த கொக்கியாகப் பார்த்து வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், ஆனால் மொத்தச் செலவில் இதைவிடப் பயனுள்ள கூடுதல் பணம் இல்லை. கையில் திறந்த கொக்கிதான் இருக்கிறது என்றால், மாட்டிய பிறகு வாயைக் குறுக்காக பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுங்கள்.

கொக்கியை நேராக பைக்கில் மாட்ட வேண்டாம். பெயின்ட் உரியும், அதைவிட முக்கியமாக, உருண்டையான குழாயில் கொக்கி சரியாக உட்காராது. துணிப் பட்டையில் இரு முனையிலும் கண் வைத்துத் தைத்த லூப் கிடைக்கும். அதை பைக்கின் பாகத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டுங்கள். பட்டை சூடான சைலன்சரையும் கூர்மையான விளிம்பையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் எங்கே கட்டுவது? ஹேண்டில்பாரில் கட்டலாமா?

சிறந்த இடம் கீழ் டிரிபிள் கிளாம்ப். இரண்டு ஃபோர்க் குழாய்களையும் ஹெட்லைட்டுக்குக் கீழே சேர்த்துப் பிடித்திருக்கும் கனமான உலோகத் துண்டு அது. பலமானது, வளையாது, அங்கிருந்து இழுத்தால் விசை நேராக ஃபோர்க்குக்குப் போகும். லூப்பை அதன்மேல் போடும்போது பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், ஒயர் எதுவும் நடுவில் மாட்டி நசுங்கவில்லையே என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் நசுங்கியது வெளியே தெரியாமலே போகலாம், தெரியும்போது நீங்கள் சாலையில் இருப்பீர்கள்.

ஃபேரிங் என்னும் பிளாஸ்டிக் உறை மூடியிருக்கும் பைக்கில் அந்த இடத்தை எட்டுவது சிரமம். அப்போது ஹேண்டில்பாருக்குப் போக வேண்டியிருக்கும். கட்டத்தான் வேண்டும் என்றால் கைப்பிடி ரப்பர் இருக்கும் முனையில் கட்டாதீர்கள், பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கட்டுங்கள். முனையில் இழுத்தால் பார் வளையலாம், கிளாம்ப்புக்குள் சுழன்றும் விடலாம். சுழன்றால் இரண்டு பெல்ட்டும் ஒரே நேரத்தில் தளரும். ரப்பர் புஷ் மேல் உட்காரும் ஹேண்டில்பாரிலும், ஃபோர்க் குழாயில் தனித்தனியாக மாட்டும் கிளிப்-ஆன் பாரிலும் இந்த ஆபத்து அதிகம். இரு கைப்பிடிகளையும் உறைபோல் மூடி இழுக்கும் ஹார்னஸ்கள் விற்கின்றன. வசதியானவைதான், ஆனால் விசை பாரின் முனைக்கே போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஃபோர்க்கை எவ்வளவு அமுக்க வேண்டும்? சீல் போய்விடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அமுக்கினால் ஃபோர்க்கின் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போய்விடும் என்று ஒருவர் சொல்வார். அடியோடு அமுக்கு, அப்போதுதான் ஆடாது என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவில்தான் சரியான அளவு இருக்கிறது.

டிரெய்லர் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பைக்கின் எடை கீழ்நோக்கித் தள்ளி, ஃபோர்க் இன்னும் அமுங்கும். பெல்ட் அந்த நேரத்தில் நீளம் மிஞ்சித் தொய்யும். முதலிலேயே பெல்ட்டால் ஃபோர்க்கைப் பாதி அமுக்கி வைத்திருந்தால், ஸ்பிரிங் எப்போதும் பெல்ட்டுக்கு எதிராக மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சாதாரண குலுக்கலில் ஃபோர்க் கொஞ்சம் அமுங்கினாலும் பெல்ட்டில் இழுவை மிச்சம் இருக்கும். அமுக்குவதன் நோக்கம் இவ்வளவுதான்.

அடியோடு அமுக்கிவிட்டால் ஸ்பிரிங்குக்கு நகர இடமே இல்லை. ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக பெல்ட், டிரிபிள் கிளாம்ப், டிரெய்லர் வளையம் என்று போகும். சீலுக்கும் வேலை கூடும். சாதாரணச் சாலை பைக்கில் ஃபோர்க் மேலும் கீழும் நகரும் மொத்தத் தூரம் சுமார் 120 மில்லிமீட்டர். அதில் 50, 60 மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். மண்பாதை பைக்குகளில் இந்தத் தூரம் 300 மில்லிமீட்டர்வரை போகும் என்பதால், முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் வைக்கும் ஃபோர்க் கட்டையைப் பயன்படுத்துவது வழக்கம். அதை வைத்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு அளவுக்குக் கீழே ஃபோர்க் போகாது.

அளவுகோல் இல்லாமல் சோதிக்க ஒரு வழி: கட்டி முடித்ததும் ஹேண்டில்பார்மேல் உடம்பு எடையைப் போட்டு அமுக்குங்கள். கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கும்போது பெல்ட்டைப் பாருங்கள். தொய்ந்தால் இன்னும் இரண்டு பல் இறுக்குங்கள். கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் அதிகமாகிவிட்டது, தளர்த்துங்கள்.

போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்துவிடுங்கள். அமுக்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டுவைக்க எந்தக் காரணமும் இல்லை.

பின்பக்கம் எங்கே?

ஃபிரேமோடு நேராகச் சேர்ந்த பாகத்தில். பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட்டைத் தாங்கும் பிராக்கெட் பல பைக்குகளில் நன்றாக அமையும். மடங்கும் ஃபுட்ரெஸ்டிலேயே மாட்டினால், அது மடங்கும்போது லூப் நழுவிவிடும், பிராக்கெட்டில் போடுங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலும் கட்டலாம். பின் சக்கரத்தை நேராகத் தளத்தோடு சேர்த்துப் பிடிக்கும் வழி அது, சஸ்பென்ஷனை அமுக்க வேண்டிய தேவையும் இல்லை.

கட்டக் கூடாத இடங்கள்: சைலன்சர், இண்டிகேட்டர், லக்கேஜ் கேரியர், ரேடியேட்டர் பக்கம், மெல்லிய கிராஷ் கார்டு, நம்பர் பிளேட் தாங்கி. இழுத்துப் பார்க்கும்போது பலமாகத் தெரிந்தாலும் இவை அந்த எடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பின் பெல்ட்டுகளை முன்பக்கம் அளவுக்கு இறுக்க வேண்டியதில்லை. பின் சக்கரம் குதிக்காமலும் பக்கத்தில் நகராமலும் இருந்தால் போதும்.

பெல்ட் எந்தக் கோணத்தில் போக வேண்டும்?

பக்கத்திலிருந்து பார்த்தால் முன் பெல்ட்டுகள் முன்னோக்கியும், பின் பெல்ட்டுகள் பின்னோக்கியும் சாய்ந்திருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வெளிப்புறமாக விரிந்திருக்க வேண்டும். 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. அந்தக் கோணத்தில் 100 கிலோ இழுவை இருந்தால், சுமார் 70 கிலோ கீழ்நோக்கியும் 70 கிலோ வெளிநோக்கியும் கிடைக்கும். டிரெய்லர் குறுகலாக இருந்து பெல்ட் கிட்டத்தட்ட நேராக நின்றால், செங்குத்திலிருந்து 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், வெளிநோக்கிய பிடி 34 கிலோவாகக் குறைந்துவிடும். பைக் கீழே நன்றாக அமுங்கியிருக்கும், ஆனால் பக்கவாட்டில் ஆடும். பலர் இன்னும் இறுக்கிப் பார்ப்பார்கள். இறுக்கிப் பயனில்லை, வளையத்தைத் தள்ளி வைக்க வேண்டும்.

வளையங்கள் டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டோ வெல்டு செய்தோ இருக்கட்டும். பிளைவுட் பலகையில் மர ஸ்குரூ போட்ட வளையத்தை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

வீல் சாக் கட்டாயமா?

முன் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தாங்கிதான் வீல் சாக். அது இல்லாமலும் கட்டலாம், முன் சக்கரத்தை டிரெய்லரின் முன் தடுப்பில் முட்டவைத்து. ஆனால் ஒரு நல்ல சாக் இருந்தால் சக்கரம் இடம் வலம் திரும்பாது, பைக் தானே நிற்பதால் இரண்டு கையும் பெல்ட்டுக்கு மிச்சமாகும். தளத்தில் போல்ட் போட்டுப் பொருத்துங்கள். சும்மா வைத்த சாக்கும் பைக்கோடு சேர்ந்து நகரும்.

சாக் பைக்கை நிறுத்தி வைக்கத்தான். அது இருக்கிறது என்பதற்காக பெல்ட்டைக் குறைக்க முடியாது.

சைடு ஸ்டாண்டு போட்டபடி கட்டலாமா?

கூடாது. பெல்ட்டால் இழுக்கும் எடையும் குலுக்கலும் சேர்ந்து அந்தச் சிறிய காலிலும் அதன் பிராக்கெட்டிலும் விழும். வளையும், ஃபிரேமில் விரிசல்கூட விடலாம். சென்டர் ஸ்டாண்டும் வேண்டாம், ஒரு குலுக்கலில் பைக் முன்னோக்கி உருண்டு ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிட்டால் நான்கு பெல்ட்டும் ஒரே சமயத்தில் தொய்ந்துவிடும். பைக் இரண்டு டயரிலும் நேராக நிற்க வேண்டும்.

கியரில் விடுவதா, நியூட்ரலா? வேறென்ன செய்து வைக்க வேண்டும்?

கட்டும்போது நியூட்ரல், கட்டி முடித்ததும் முதல் கியர். பின் சக்கரம் உருளாமல் இருக்க இது ஒரு கூடுதல் பிடி. நியூட்ரலில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள், பெல்ட் சரியாக இருந்தால் அதுவும் பாதகமில்லை.

ஹேண்டில் லாக் போடாதீர்கள். முன் சக்கரம் நேராக இருக்க வேண்டும், லாக்கோ திருப்பிய நிலையில்தான் விழும். கார்புரேட்டர் பைக்கில் பெட்ரோல் குழாயை மூடுங்கள், இல்லையென்றால் குலுக்கலில் மிதவை ஊசி தாவித் தாவி எரிபொருள் வழிந்து எஞ்சினுக்குள் இறங்கும். சாய்வை உணரும் அலாரம் இருந்தால் அணைத்துவிடுங்கள். பெட்டி, பை, மொபைல் தாங்கி, தளர்வான கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிக் காருக்குள் வையுங்கள்.

பைக்கை ஏற்றுவதுதான் பயமாக இருக்கிறது. எப்படி?

பயம் நியாயமானதுதான். ஏற்றி இறக்கும்போதுதான் ஆளுக்கு அடிபடுகிறது.

சாய்வுப் பலகையின் நீளத்திலிருந்து தொடங்குவோம். டிரெய்லர் தளம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம், பலகை 2 மீட்டர் என்றால், சாய்வு சுமார் 14 டிகிரி. 200 கிலோ பைக்கை மேலே தள்ள 50 கிலோ விசை வேண்டும். பலகை ஒன்றரை மீட்டர் என்றால் சாய்வு 19 டிகிரியைத் தாண்டும், விசை 67 கிலோ. வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஆனால் பாதி வழியில் கால் சறுக்கும்போது தெரியும். நீளமான பலகையாகவே வாங்குங்கள். தாழ்ந்த பைக்குகளில் மேல் விளிம்பில் அடிப்பாகம் முட்டும் என்பதால், வளைந்த பலகை வேண்டியிருக்கும்.

பலகையை டிரெய்லரோடு கட்டுங்கள். பின் சக்கரம் பலகையில் ஏறும் நொடியில் அது பலகையைப் பின்னால் உதைக்கும். கட்டாத பலகை வழுக்கி விழுந்தால், முன் சக்கரம் டிரெய்லரிலும் பின் சக்கரம் தரையிலும் நடுவில் நீங்களும் இருப்பீர்கள். டிரெய்லர் காரோடு மாட்டியிருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். மாட்டாத டிரெய்லரின் பின்னால் எடை ஏறினால் முன்பக்கம் அப்படியே மேலே எழும்பிவிடும்.

உங்களுக்கு நடக்க இரண்டாவது பலகை ஒன்று பக்கத்தில் போடுங்கள். பைக்கின் இடது பக்கம் நின்று, எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு நடந்தே ஏற்றுங்கள். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் போதும். கிளட்ச் லீவரில் இரண்டு விரல் எப்போதும் இருக்கட்டும், ஏதாவது தப்பினால் லீவரை இழுத்து முன் பிரேக்கைப் பிடியுங்கள். இன்னொருவர் பின்னால் வலப்பக்கமாக நின்று சாயாமல் பார்த்துக்கொள்ளட்டும், நேர் பின்னால் நிற்க வேண்டாம். பைக்மேல் உட்கார்ந்து ஓட்டி ஏற்றாதீர்கள். பலகையின் நடுவில் நின்றுவிட்டால் கால் வைக்கத் தரை இருக்காது. கனமான பைக்குக்குக் கையால் சுற்றும் வின்ச் இருந்தால் இவ்வளவு பாடும் இல்லை.

ஈரமான மரத்தளம் சோப்பு போட்டது மாதிரி வழுக்கும். தளத்திலும் பலகையிலும் சொரசொரப்பான பிடிப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

தனி ஆளாகக் கட்ட முடியுமா?

சாக் இருந்தால் சுலபம். இல்லையென்றால் வரிசை முக்கியம். பைக்கைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள், அது இடப்பக்கம் சாய்ந்திருக்கும். முன் பெல்ட் இரண்டையும் மாட்டுங்கள், ஆனால் இடப்பக்க பெல்ட்டைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள். வலப்பக்கத்தை மெதுவாக இறுக்கினால் பைக் நிமிரத் தொடங்கும். நிமிர்ந்து வலப்பக்கம் போய்விடாமல் இடப்பக்க பெல்ட் தடுக்கும், அதனால் அதன் தொய்வு பைக் நேராக நிற்கும் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். நேரானதும் ஸ்டாண்டை மடக்கி, இரண்டு பக்கமும் மாறி மாறி ஒன்றிரண்டு பல்லாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பைக் சாய்ந்தபடியே இறுகும். முன் பிரேக் லீவரை ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டி வைத்துக்கொண்டால் பைக் உருளாது.

பின்னால் போய் நின்று பாருங்கள். ஹேண்டில்பாரும் டிரெய்லர் தளமும் இணையாக இருக்கிறதா என்பதைக் கண்ணே சொல்லும்.

டிரெய்லரில் பைக் எந்த இடத்தில் நிற்க வேண்டும்?

நடுக்கோட்டில், பைக்கின் எடை டிரெய்லரின் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி. பைக் மிகவும் பின்னால் நின்றால் டிரெய்லரின் மூக்கு லேசாகி, வேகத்தில் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கும். டிரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கார்க் கொண்டியில் இறங்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் வழக்கமான கணக்கு. ஐரோப்பியக் கார்களில் கொண்டி தாங்கும் எடைக்குக் கையேட்டிலேயே மேல்வரம்பு இருக்கும், அதைத் தாண்டக் கூடாது.

நெளியத் தொடங்கிவிட்டால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். அழுத்திப் பிரேக் போடுவதும், எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்புவதும், வேகத்தைக் கூட்டுவதும் நிலைமையை மோசமாக்கும்.

இரண்டு பைக் ஏற்றினால்?

ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று முட்டாமல் ஒன்றைச் சற்று முன்னும் மற்றதைப் பின்னும் நிறுத்துங்கள், அல்லது எதிரெதிராக. எதிர்த்திசையில் நிற்கும் பைக்கின் முன் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், பின்னாலிருந்து வரும் காற்றுக்காக அது செய்யப்படவில்லை. கனமானது அச்சுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு பைக்குக்கும் தனித்தனியாக நான்கு பெல்ட். ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டினால், ஒன்று ஆடும்போது இரண்டும் ஆடும்.

ஸ்கூட்டர், எலக்ட்ரிக் வண்டி?

ஸ்கூட்டரில் எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக். முன்னால் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியிலும், பின்னால் பிடிகம்பி ஃபிரேமோடு சேரும் இடத்திலும் கட்டுங்கள். கால் வைக்கும் தளத்தின் குறுக்கே கனமான துணி மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு பெல்ட்டை இறக்கினால் நல்ல பிடிப்பு கிடைக்கும்.

பெரும்பாலான எலக்ட்ரிக் வண்டிகளில் கியர் கிடையாது, அணைத்துவிட்டால் சக்கரம் தாராளமாக உருளும். பார்க்கிங் பிரேக் இருந்தால் போடுங்கள், பின் சக்கரத்தைச் சுற்றியும் தளத்தோடு கட்டிவிடுங்கள்.

கவர் போட்டு மூடலாமா?

திறந்த டிரெய்லரில் வேண்டாம். காற்றில் படபடக்கும் துணி, இடையில் சிக்கிய தூசியோடு சேர்ந்து பெயின்ட்டைத் தேய்க்கும். பெல்ட் எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் பார்க்கவும் முடியாது.

கிளம்பும் முன் டிரெய்லரில் என்ன பார்ப்பது?

கொண்டியின் தாழ் காரின் பின்னால் உள்ள பந்தைக் கவ்வியிருக்கிறதா என்பதை, டிரெய்லரின் ஜாக்கியைச் சுற்றி மூக்கைத் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டியிருக்கிறது. பந்தின் அளவும் கொண்டியின் அளவும் ஒன்றா என்று பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொண்டிக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள், கொண்டி கழன்றால் மூக்கு சாலையில் குத்தாமல் சங்கிலியில் விழும். விளக்குகள், டயர் காற்று, சக்கர நட்டு ஆகியவற்றையும் பாருங்கள். டிரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட, நின்றே வெடிப்பு விட்டுக் கெடுவது அதிகம்.

வழியில் எத்தனை முறை நிறுத்திப் பார்க்க வேண்டும்?

முதல் 15, 20 கிலோமீட்டருக்குள் கட்டாயம் ஒரு முறை. பைக் தன் இடத்தில் உட்காருவதும், லூப்புகள் நெருங்கி இறுகுவதும், பெல்ட் தன் நீட்டத்தைக் காட்டுவதும் அந்தத் தூரத்தில்தான். இந்த ஒரு நிறுத்தத்தைத் தவிர்ப்பவர்கள் கட்டியதில் பாதியை வீணாக்குகிறார்கள் என்பேன். அப்புறம் ஒவ்வொரு மணி நேரமும், பெட்ரோலுக்கோ டீக்கோ நிறுத்தும்போதெல்லாம். மழை பெய்தால், மோசமான சாலையைத் தாண்டினால், அழுத்திப் பிரேக் போட்டால், அடுத்த பாதுகாப்பான இடத்தில் உடனே.

கண்ணால் பார்த்தால் போதாது, நான்கு பெல்ட்டையும் கையால் அழுத்திப் பாருங்கள்.

ஓடும்போதே பைக் சாய்வது தெரிந்தால்?

மெதுவாக வேகத்தைக் குறைத்து, சாலையை விட்டு முழுவதும் ஒதுங்கி, சமதளத்தில் நிறுத்துங்கள். சாய்ந்த பக்கம் போய் நிற்காதீர்கள். இறுகி நிற்கும் பெல்ட்டை முதலில் அவிழ்த்துவிட வேண்டாம், பைக்கைத் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். உபரி பெல்ட்டை சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மாட்டி, அதை இறுக்கி பைக்கை நிமிர்த்திய பிறகு மற்றவற்றைச் சரிசெய்யுங்கள்.

இறக்கும்போது எந்த பெல்ட்டை முதலில் அவிழ்ப்பது?

பின் இரண்டையும் முதலில். பிறகு சைடு ஸ்டாண்டை இறக்கி, பைக்கின் இடப்பக்கம் நின்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முன் வலப்பக்க பெல்ட்டைத் தளர்த்துங்கள். அமுங்கிய ஃபோர்க் மேலே எழும்பும், பைக் ஸ்டாண்டு இருக்கும் பக்கம் சாயும். இடப்பக்கத்தை முதலில் விட்டால் வலப்பக்கமாக, தாங்க எதுவும் இல்லாத பக்கமாகப் போகும். ராட்செட்டைத் திறக்கும்போது விரலும் முகமும் தள்ளி இருக்கட்டும், இழுவையில் இருக்கும் பெல்ட் தெறிக்கும்.

இறக்கும்போது பைக் பின்னோக்கி வரும், நீங்கள் பக்கத்தில் நடப்பீர்கள், பின் பிரேக் பெடலைக் காலால் எட்ட முடியாது. சரிவில் முன் பிரேக் மட்டும் பிடித்தால், எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தில் இருப்பதால் முன் சக்கரம் வழுக்கலாம். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்ச் லீவரையே பின் பிரேக்காகப் பயன்படுத்துங்கள். லீவரை இழுத்தால் உருளும், விட்டால் நிற்கும். சமதளத்தில் இரண்டு முறை பழகிக்கொண்டு சரிவில் செய்யுங்கள்.

பெல்ட்டை எப்போது மாற்றுவது?

ஓரத்தில் வெட்டு, தையல் பிரிவது, வெயிலில் வெளுத்து நார் சொரசொரப்பாவது, லேபிள் படிக்க முடியாமல் போவது, கொக்கி விரிவது, ராட்செட் பல் மழுங்குவது. இதில் ஒன்று தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள், போடும் முன் இரண்டாக வெட்டிவிடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாமல் இருக்க. அறுந்ததை முடிச்சுப் போட்டு ஓட்டாதீர்கள், முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பாதியளவுக்கே குறைந்துவிடும். பயணம் முடிந்ததும் சேற்றைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, சுருட்டிப் பையில் போட்டுக் காருக்குள் வையுங்கள். டிரெய்லரிலேயே வெயிலில் கிடக்கவிட்டால் எவ்வளவு நல்ல பெல்ட்டும் சீக்கிரம் வலுவிழந்துவிடும்.